பின்னால் வருபவருக்கு ஒரு வார்த்தை

மோட்டார் வண்டியில் உள்ள விளக்குகளுள் ஒன்று மட்டும் வண்டி ஓட்டுகிறவருடைய கண்ணில் படுவதே இல்லை. முன்விளக்கு அவருக்கு வழி காட்டுகிறது. உள்விளக்கு, அவருடைய மனைவி தவறவிட்ட தோட்டைத் தேட உதவுகிறது. பக்கம் திரும்புவதைக் காட்டும் விளக்குக்கூட 'டிக் டிக்' என்று தாளம் போட்டு, தான் உயிரோடு இருப்பதைத் தெரிவித்துக்கொண்டிருக்கும். பிரேக்கை மிதித்தவுடன் வண்டியின் முதுகில் எரிகிறதே சிவப்பு விளக்கு, அது முழுக்க முழுக்கப் பிறருக்காக ஏற்றப்படுவது. "நான் நிற்கப் போகிறேன், நீரும் சற்று நிதானியும்" என்று முன்பின் அறியாத ஒருவருக்கு நாம் சொல்லும் வார்த்தை அது. அந்த வார்த்தை தொண்டையிலேயே அடைத்துக்கொண்டால் சொன்னவருக்குத் தெரியாது. கேட்க வேண்டியவருக்கோ, காரியம் மிஞ்சிய பிறகுதான் தெரியும்.

இந்த வாரம் இதைப் பற்றி எழுதக் காரணம், ஐயம்பேட்டையிலிருந்து வந்திருக்கும் ஒரு கடிதம். காஞ்சீபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகச் செங்கற்பட்டுக்குச் செல்லும் சாலையில் உள்ள ஐயம்பேட்டை, பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். கடிதம் எழுதியவர் அவ்வூரில் தலைமுறை தலைமுறையாகத் தறி வைத்திருக்கும் ஒரு குடும்பத்துப் பெரியவர். வீட்டில் ஒரு பழைய அம்பாஸடர் வண்டி இருக்கிறது. அவருடைய தகப்பனார் வாங்கியது. வீட்டில் நடந்த கலியாணங்களில் எல்லாம் மாப்பிள்ளையும் பெண்ணும் அதில்தான் ஊர்வலம் வந்திருக்கிறார்கள். பேத்தியின் கலியாணம் நிச்சயமானதும் வண்டியை டிங்கர் வேலைக்கு விட்டு, பின்விளக்குகளைக் கழற்றி, புதிதாக வர்ணம் பூசி, மறுபடியும் பூட்டி வாங்கியிருக்கிறார்கள். "கண்ணாடி மாதிரி பளபளவென்று வந்தது, அன்று முதல் பிடித்தது சனியன்" என்கிறார் பெரியவர்.

வந்த சனியன் இதுதான். பிரேக்கை மிதித்தால் வலது விளக்கு நன்றாக எரிகிறது. இடது விளக்கு மங்கலாக எரிகிறது. பேரப் பிள்ளையை வண்டிக்குப் பின்னால் நிறுத்திப் பார்க்கச் சொன்னபோது, "தாத்தா, இந்தக் கண்ணு நல்லா முழிக்குது, அந்தக் கண்ணு அரைத் தூக்கத்துல இருக்குது!" என்று கூவினானாம். மெக்கானிக்கை அழைத்துக் காட்டினார்கள். "பல்பு வீக்குங்க ஐயா, மாத்திட்டாச் சரியாயிடும்" என்று மாற்றிக் கொடுத்தார். இரண்டு நாள் சரியாக எரிந்தது. மூன்றாம் நாள் பழைய கதை. இப்படி நான்கு பல்புகள் மாறின. பிறகு பிரேக் ஸ்விட்சும் மாறிற்று. குணம் மட்டும் மாறவில்லை.

அப்புறம் நடந்ததுதான் அவரைப் பேனா எடுக்க வைத்திருக்கிறது. ஒருநாள் இரவு வாலாஜாபாத்துக்குச் சற்று இப்பால், சாலையோரமாக நிறுத்துவதற்காக இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே பிரேக்கை மிதித்திருக்கிறார். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு வாலிபன் இடப்பக்கமாக முந்தப் பார்த்து, வண்டியில் உரசி விழுந்தான். நல்ல காலம், முழங்காலில் சிராய்ப்போடு பிழைத்தான். "கண் தெரியலையா தம்பி?" என்று பெரியவர் அதட்டியிருக்கிறார். அந்தப் பையன் சொன்ன பதில்: "தெரிஞ்சுதுங்க ஐயா. இடப்பக்க விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்தது, திடீர்னு அணைஞ்சுது. வலப்பக்கம் மட்டும் பளிச்சுனு வந்தது. வண்டி வலது பக்கம் திரும்புதுன்னு நெனச்சேன்."

பெரியவர் இதை நம்பவில்லை. பிரேக்கை மிதித்தால் விளக்கு எரியுமா, அணையுமா? பையன் தன் தப்பை மறைக்கப் பொய் சொல்கிறான் என்று எண்ணினார். ஆயினும் மனத்தில் உறுத்தல் இருந்தபடியால் நம்மிடம் நியாயம் கேட்டிருக்கிறார். பையன் சொன்னது அப்பட்டமான உண்மை என்பதே நமது தீர்ப்பு. அது மட்டுமா? நான்கு பல்பும் ஒரு ஸ்விட்சும் கண்டுபிடிக்காத குற்றவாளியை அந்தப் பையனுடைய வாக்குமூலம் ஒன்றே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

எப்படி என்று சொல்வதற்கு முன், மின்சாரம் போகும் பாதையைச் சற்று நடந்து பார்த்துவிடுவோம். வயது வந்த மோட்டார் வண்டிகள் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தும். அம்பாஸடரின் பிறந்த வீடு இங்கிலாந்து. மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியே அதன் மூலம். புகுந்த வீடு வங்காளத்தில் உத்தரபாரா. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸார் 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 மே மாதம் வரையில் அங்கே அதைச் செய்துவந்தார்கள். நமது பக்கத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதே ஆங்கில வம்சம். 1961 முதல் அதைச் செய்த தொழிற்சாலை வண்டலூரில் இருந்தது. வண்டலூரில் புறப்பட்டு ஒரகடம் வழியாக வரும் சாலை ஐயம்பேட்டைக்குப் பக்கத்து ஊரான வாலாஜாபாத்தில்தான் வந்து முடிகிறது என்பதை நேயர்கள் கவனிக்கலாம். இன்று அதே சாலையில், ஒரகடத்தில், அந்நிய தேசத்துப் பெயர் தாங்கிய புது வண்டிகள் உற்பத்தியாகின்றன. அவற்றைப் பழுது பார்க்கக் கம்ப்யூட்டர் வேண்டும். பழைய வண்டிக்கு வேண்டியவை ஒரு பன்னிரண்டு வோல்ட் பல்பு, இரண்டு துண்டுக் கம்பி, கொஞ்சம் பொறுமை.

பாட்டரியில் புறப்படும் மின்சாரம் சாவி போடும் ஸ்விட்சு வழியாகப் பியூஸுக்கு வருகிறது. (சாவியைத் திருப்பாமலே பிரேக்கை மிதித்துப் பார்த்து, விளக்கு செத்துவிட்டதென்று அலறுபவர்கள் பலர்.) பியூஸிலிருந்து பச்சைக் கம்பி வழியாகப் பிரேக் ஸ்விட்சுக்குப் போகிறது. ஸ்விட்சிலிருந்து புறப்படும் கம்பியும் பச்சைதான். ஆனால் அதன்மேல் ஊதா நிறத்தில் ஒரு கோடு ஓடும். சேலைக்குக் கரை போலத்தான். இந்த நிற முறை லூகாஸ் கம்பெனியார் வகுத்தது. பழைய ஆங்கில வண்டிகளில் எல்லாம் காணலாம். சிவப்புக் கம்பி இரவில் எரியும் பின்விளக்குக்கு. கறுப்புக் கம்பி 'எர்த்'துக்கு. இங்கிலாந்தில் பழைய வண்டிப் பிரியர்கள் ஜோஸப் லூகாஸை 'இருட்டின் இளவரசர்' என்று கேலி செய்வதுண்டு. 1961-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் கம்பெனியாருடன் கூட்டுச் சேர்ந்து சென்னை மாநகருக்கே வந்துவிட்ட பெயர் ஆதலால், அந்தக் கேலியில் நமக்கும் பங்கு உண்டு. இருந்தாலும் அது நியாயமான கேலி என்று நமக்குத் தோன்றவில்லை. இளவரசர் தலையில் சுமத்தப்படும் பழியில் முக்கால்வாசி, துருவுக்கும் வர்ணத்துக்கும் உரியது.

கம்பி பல்பை அடைந்துவிட்டது. பாதை அங்கே முடிந்துவிட்டதாக எண்ணுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. போன மின்சாரம் திரும்பிப் பாட்டரிக்கு வந்தால்தான் பல்பு எரியும். திரும்பி வருவதற்குத் தனிக் கம்பி பெரும்பாலும் கிடையாது. பல்பின் பித்தளைக் கழுத்து, அதைப் பிடித்திருக்கும் உறை, விளக்கின் அடித்தகடு, அதை வண்டியோடு பூட்டியிருக்கும் திருகாணி, பிறகு வண்டியின் இரும்பு உடல், இவ்வளவும் சேர்ந்ததுதான் திரும்பும் பாதை. இதற்கே 'எர்த்' என்று பெயர். இரும்போடு இரும்பு பளிச்சென்று ஒட்டிக்கொண்டிருக்கும் வரையில் ஒரு குறையும் இல்லை. நடுவே வர்ணம் புகுந்தால்? வர்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. புது வர்ணத்தின்மேல் விளக்கைப் பூட்டியவுடனே பாதை அடைபட்டது. திருகாணியின் மரை மட்டும் எங்கோ ஓரிடத்தில் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். பல்பு மாற்றும்போது விளக்கை அசைப்பார்கள் அல்லவா? தொடுகை கொஞ்சம் சீர்ப்படும். இரண்டு நாள் எரியும். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் மறுபடி நழுவிவிடும். நான்கு பல்புகளின் கதை இதுதான்.

இனி, அந்தப் பையன் கண்ட அதிசயம். பின்விளக்குப் பல்பில் இரண்டு இழைகள் உண்டு. இரவு முழுதும் எரிவது 5 வாட் இழை; பிரேக்கை மிதித்தால் எரிவது 21 வாட் இழை. இரண்டுக்கும் கழுத்து ஒன்றுதான். திரும்பும் வழியும் ஒன்றுதான். அந்த வழி அடைபட்டால் மின்சாரம் சும்மா இருந்துவிடாது. கோயில் பிராகாரத்தில் ஒரு வாயிலை மூடிவிட்டால் கூட்டம் அடுத்த வாயிலைத் தேடுவதுபோல, அது மற்ற இழை வழியாக வெளியேறப் பார்க்கும்.

பகலில், இரவு விளக்குப் போடாமல் பிரேக்கை மிதிக்கிறோம். இடப்பக்கத்து 21 வாட் இழைக்குள் புகுந்த மின்சாரம் கழுத்துக்கு வருகிறது. அங்கே வழி இல்லை. 5 வாட் இழைக்குள் நுழைந்து, சிவப்புக் கம்பி வழியாகப் பின்னோக்கி ஓடி, வண்டியின் மற்ற சிறு விளக்குகள் மூலமாக எர்த்தைச் சேருகிறது. இத்தனை சுற்று சுற்றுவதால் பலம் குன்றிவிடுகிறது. சின்ன இழை மட்டும் மங்கலாக எரியும். பேரன் கண்ட அரைத் தூக்கம் அதுவே.

இரவில் சங்கதி வேறு. சிவப்புக் கம்பி வழியாக ஏற்கெனவே சின்ன இழைக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கிறது. அது கழுத்தில் வழி காணாமல், பெரிய இழைக்குள் புகுந்து, பச்சை ஊதாக் கம்பி வழியாக வலப்பக்கத்து விளக்குக்குப் போய் எர்த்தை அடைகிறது. சின்ன இழை ஓரளவு எரிகிறது. ஆகவே இடது விளக்கு நன்றாக இருப்பதாகவே தோன்றும். இந்த நிலையில் பிரேக்கை மிதித்தால் பச்சை ஊதாக் கம்பியிலும் பன்னிரண்டு வோல்ட் வந்துவிடுகிறது. இப்போது பல்பின் இரு முனையிலும் ஒரே அழுத்தம். இரு பக்கமும் சம பலமுள்ளவர்கள் கயிறு இழுத்தால் கயிறு நகருமா? மின்சாரம் நின்றுவிடுகிறது, விளக்கு அணைந்துவிடுகிறது! எரிய வேண்டிய அந்த க்ஷணத்திலேயே இடது விளக்கு அவிகிறது. வலது விளக்குப் பிரகாசிக்கிறது. பின்னால் வந்தவன் வண்டி வலப்பக்கம் திரும்புவதாக எண்ணியதில் என்ன பிழை? மெக்கானிக் பகலில் பார்த்தார். பையன் இரவில் பார்த்தான். வியாதியின் முழு லக்ஷணமும் இரவில்தான் தெரியும்.

இதை ஊர்ஜிதம் செய்ய ஐந்து நிமிஷம் போதும். முழ நீளமுள்ள ஒரு கம்பியின் இரு முனையையும் சுரண்டிக்கொள்ளவும். ஒரு முனையை இடது விளக்கின் உலோக உறையிலும், மற்றொரு முனையை வர்ணம் இல்லாத சுத்தமான இரும்பிலும் அழுத்திப் பிடிக்கவும். டிக்கிக்குள்ளே அப்படி ஓர் இடம் எப்படியும் அகப்படும். ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். விளக்குப் பளிச்சென்று எரிந்தால் குற்றம் ருசுவாகிவிட்டது. விளக்கைக் கழற்றி, திருகாணி உட்காரும் இடத்தில் மட்டும் ஒரு காலணா அகலத்துக்கு வர்ணத்தைச் சுரண்டி, இரும்பைக் காட்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கவும். அதன்மேல் கொஞ்சம் வாஸலைன் தடவினால் துரு அண்டாது. இன்னும் திடமாக வேண்டுமானால், விளக்கின் உறையிலிருந்து வண்டியின் உடலுக்கு ஒரு கறுப்புக் கம்பி தனியாகப் போட்டுவிடலாம். புது வர்ணத்தைச் சுரண்டுவதா என்று வீட்டுப் பெண்கள் முகம் சுளித்தால், அந்த இடம் விளக்குக்கு அடியில் மறைந்துவிடும் என்று சமாதானம் சொல்லலாம்.

முற்றும் அடைபடாமல், துருவினால் பாதி அடைபட்ட எர்த்தும் உண்டு. அது இன்னும் தந்திரமானது. 21 வாட் பல்பு, பன்னிரண்டு வோல்ட்டில், சுமார் 1.75 ஆம்பியர் வாங்கும். எரியும்போது அதன் தடை ஏறக்குறைய 7 ஓம். துருப் பிடித்த ஒரு மூட்டு இதனுடன் ஒரே ஒரு ஓம் தடையைச் சேர்த்தால் பல்புக்குக் கிட்டுவது பத்தரை வோல்ட்தான். எட்டில் ஒரு பங்கு குறைந்ததற்கு வெளிச்சமும் அவ்வளவே குறையும் என்று எண்ணவேண்டாம். இழை விளக்கின் பிரகாசம் வோல்ட் குறையக் குறைய மிக விரைவாகச் சரியும். இந்தக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். சித்திரை மாத வெயிலில் அப்படிப்பட்ட விளக்கு எரிகிறதா இல்லையா என்று பந்தயம் கட்டவேண்டியதுதான்.

பெரியவரின் வண்டியில் எர்த்துக்குத்தான் நோய். மற்றவர்களுக்கு வேறு விதமாக வரலாம். ஒரு பக்கம் மட்டும் எரியாவிட்டால் பல்பையோ எர்த்தையோ சந்தேகிக்க வேண்டும். ஸ்விட்சைத் தொடவே வேண்டாம். ஒரே ஸ்விட்சுதானே இரண்டு பக்கத்துக்கும்? தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி பாவு முழுவதையுமா அறுத்துப் போடுகிறார்? துணியில் எந்த இடத்தில் குறை தெரிகிறதோ, அதற்கு நேராக விழுது வரையில் கண்ணை ஓட்டி, அறுந்த நுனியைப் பிடித்துப் பிணைத்துவிடுகிறார். ஐயம்பேட்டையில் இருப்பவர்களுக்கு இந்த வித்தையை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு பக்கமும் எரியாவிட்டால்தான் பியூஸும் ஸ்விட்சும் விசாரணைக்கு வரும். வைப்பரும், பக்கம் காட்டும் விளக்கும் சேர்ந்தே நின்று போயிருந்தால் பியூஸ் போய்விட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பழைய ஆங்கில வண்டிகளில் இவை ஒரே பியூஸில் குடியிருப்பவை. போன பியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுகிற வழக்கம் நமது நாட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. நெசவாளர் வீட்டில் வெள்ளித்தாளுக்குப் பதில் துண்டு ஜரிகை கைக்கு எட்டும். வேண்டாம். பியூஸ் உருகுவது நம்மைக் காப்பாற்றுவதற்காக. அது உருகாவிட்டால் கம்பி உருகும். கம்பிக்குப் பக்கத்தில் பெட்ரோல் இருக்கிறது.

பியூஸ் சரி என்றால் ஸ்விட்சைப் பார்க்கவேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் இது மிதியின் அருகில் இராது. பிரேக் எண்ணெய்க் குழாய்கள் கூடும் சந்தியில் திருகி வைத்திருப்பார்கள். எண்ணெயின் அழுத்தமே அதை மூடி, விளக்கை எரியவைக்கும். சாவியைத் திருப்பிவிட்டு, ஸ்விட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துப் பார்க்கவும். விளக்கு எரிந்தால் ஸ்விட்சு செத்துப்போயிற்று. எரியாவிட்டால் ஸ்விட்சு நிரபராதி. அப்போது ஒரு சோதனைப் பல்பின் ஒரு முனையை எர்த்திலும் மற்றதைப் பச்சைக் கம்பியிலும் வைக்கவும். அது எரிந்தால் மின்சாரம் ஸ்விட்சு மட்டும் வந்துவிட்டது; குறை அதற்கப்பால். எரியாவிட்டால் குறை இப்பால். இவ்வளவுதான் சாஸ்திரம்.

இந்த எண்ணெய் ஸ்விட்சுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கிழடாகும்போது ஒரேயடியாகச் சாவதில்லை, சோம்பேறியாகிவிடுகிறது. பலமாக மிதித்தால் விளக்கு எரியும். மெதுவாக மிதித்தால் எரியாது. வீட்டு வாசலில் நிறுத்திச் சோதிப்பவர் பலமாக மிதிப்பார். எல்லாம் ஒழுங்காக இருப்பதாகத் தோன்றும். வைகாசி கருட சேவையன்று காஞ்சீபுரத்துக்குள் நுழைந்து பாருங்கள். கூட்டத்தில் யார் பலமாக மிதிக்கிறார்கள்? தொட்டுத் தொட்டு விடுவதுதானே? அந்த நூறு தொடுகையிலும் விளக்கு எரியவில்லை என்றால் பின்னால் வருபவன் கதி என்ன? ஆகவே சோதிக்கும்போது கால் கட்டை விரலால் அழுத்துவதுபோல் மெதுவாக அழுத்திப் பார்க்கவேண்டும்.

ஸ்விட்சை மாற்றும்போது பிரேக் எண்ணெய் கொஞ்சம் ஒழுகும். அது வர்ணத்தின் பரம வைரி. பட்ட இடத்தை உடனே தண்ணீரால் கழுவ வேண்டும். புது ஸ்விட்சை இறுக்கியபின் ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் கசிவு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மிதி பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்றுப் புகுந்துவிட்டது. அதை வெளியேற்றாமல் வண்டியைத் தெருவில் எடுக்கக் கூடாது. குறைந்த எண்ணெயை ஈடுகட்ட எஞ்சின் எண்ணெயை ஊற்றுவது மகா பாதகம். உள்ளே இருக்கும் ரப்பர்கள் ஊதிப்போய்ப் பிரேக்கே பிடிக்காமல் போய்விடும்.

எரியாத விளக்குக்கு மாறாக, அணையாத விளக்கும் ஒன்று உண்டு. காலை எடுத்த பிறகும் எரிந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் ஸ்விட்சு ஒட்டிக்கொண்டதுதான் காரணம். ஆனால் சில சமயம் விளக்கு உண்மையையே சொல்லிக்கொண்டிருக்கலாம். எண்ணெயின் அழுத்தம் இறங்காமல் பிரேக் பிடித்தபடியே இருக்கலாம். இரண்டு மைல் ஓட்டியபின் சக்கரத்தின் நடுப்பகுதி தொடமுடியாதபடி கொதித்தால், கவனிக்க வேண்டியது விளக்கை அன்று, பிரேக்கையே. இதை அலட்சியம் செய்து, அணையாத விளக்கின் கம்பியைப் பிடுங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

பெரியவர் கடைசியாக இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். ஒன்று, 'எல்.இ.டி.' பல்புகளைப் போட்டுவிடலாமா என்பது. இழை விளக்குச் சூடேறி முழுப் பிரகாசம் அடைய ஏறக்குறைய 0.2 விநாடி ஆகிறது, எல்.இ.டி. உடனே எரிகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவன் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடப்பான், அந்த 0.2 விநாடியில் மூன்று மீட்டருக்கு மேல். ஒரு மாட்டு வண்டியின் நீளம்! ஆகவே லாபம் மெய்யானதுதான். சிவப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு எல்.இ.டி.யே போடவேண்டும், பழைய வண்டிகள் சிலவற்றில் பாட்டரியின் பாஸிடிவ் முனை எர்த்தாக இருக்குமாதலால், அதற்கு ஏற்ற பல்பா என்றும் பார்த்து வாங்கவேண்டும். இரண்டுக்கும் மேலாக, எர்த்தைச் சரிசெய்யாமல் எதைப் போட்டாலும் ஐந்தாவது பல்பும் நான்கோடு போய்ச் சேரும்.

மற்றொன்று, பின்கண்ணாடிக்குள் நடுவில் மூன்றாவதாக ஒரு விளக்கு வைக்கலாமா என்பது. 1974-இல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் ஜான் வோவோட்ஸ்கி என்ற மனோதத்துவ நிபுணர் 343 வாடகைக் கார்களில் இப்படிப் பொருத்திப் பார்த்ததில், பின்னாலிருந்து மோதும் விபத்துக்கள் 60 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தன. 1986-ஆம் வருஷத்து மாடல் முதல் அமெரிக்காவில் கார்களுக்கு மூன்றாவது விளக்குக் கட்டாயமாயிற்று. எல்லா வண்டியிலும் வந்து கண்ணுக்குப் பழகிய பிறகு கணக்கெடுத்ததில் பலன் நாலு சதவிகிதம் சொச்சமாக இறங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதுமைக்கு உள்ள கவர்ச்சி அங்கும் இப்படித்தான். ஆனாலும் லட்சக்கணக்கான வண்டிகளில் நாலு சதவிகிதம் என்றால் எத்தனை முதுகெலும்புகள்! வைக்கலாம் என்பதே நமது அபிப்பிராயம். வண்டியின் பழைய அழகு கெடாதபடி ஒரு சிறு விளக்கைப் பின்கண்ணாடிக்கு உட்புறம் பொருத்தி, பச்சை ஊதாக் கம்பியோடு இணைத்துவிடலாம்.

முற்காலத்தில் விளக்குக்குப் பதில் கையே பேசியது. 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில், வேகத்தைக் குறைக்கும்போது வலக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, மேலும் கீழுமாகப் பலமுறை அசைக்கவேண்டும் என்று விதி இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். என்றாலும் ஒருவன் தன் பின்னால் வரும் சக பிரயாணிக்குக் கடமைப்பட்டவன் என்ற கருத்து எந்தத் துரைக்கும் சொந்தமன்று. சுயராஜ்யத்தில் வந்த 1989-ஆம் வருஷத்து விதிகளும் பின்புறத்தில் சிவப்பு நிற்றல் விளக்கு வேண்டும் என்கின்றன. தனியார் காரின் பதிவு பதினைந்து வருஷத்துக்குப் பிறகு புதுப்பிக்கப்பட வேண்டியது. ஐம்பது வயது கடந்த வண்டிகளைப் புராதன வண்டிகளாகப் பதிவுசெய்ய 2021-இல் தனி விதிகள் வந்திருக்கின்றன. அப்படிப் பதிவானவற்றைத் தினப்படி ஓட்டக் கூடாது. பெரியவர் தம் வண்டியை எந்த வகையில் வைத்துக்கொண்டாலும், அது தெருவில் இறங்கும் நாளில் விளக்கு எரிந்தாக வேண்டும்.

பேரப் பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும் நாட்களில் பின்னால் நின்று பார்க்க ஆள் இராது. அதற்கு ஒரு வழி உண்டு. இருட்டியபின் வண்டியைப் பின்பக்கமாக ஓட்டிவந்து, வீட்டின் வெள்ளைச் சுவருக்கு ஒரு பாக தூரத்தில் நிறுத்திக்கொள்ளவும். இரவு விளக்கைப் போட்டபடி பிரேக்கை மெதுவாக அழுத்தி, உள்கண்ணாடியில் சுவரைப் பார்க்கவும். இரண்டு சிவப்பு வட்டங்களும் ஒரே சமயத்தில், ஒரே அளவில் பிரகாசிக்க வேண்டும். பிறகு வலப்பக்கம் திரும்பும் விளக்கையும் இடப்பக்கத்து விளக்கையும் மாறி மாறிப் போட்டு, சிவப்பு வட்டங்கள் அவற்றோடு சேர்ந்து துடிக்கின்றனவா என்று பார்க்கவும். துடித்தால் எங்கோ ஓர் எர்த்து இன்னும் திருட்டு வழி தேடிக்கொண்டிருக்கிறது.

விளக்குக் கண்ணாடிக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வளையத்தையும் இப்போதே மாற்றிவிடுவது நலம். வர்ண வேலைக்குக் கழற்றியபோது பழையது வெடித்திருக்கும். போதாதற்கு, கலியாண ஊர்வலத்தன்று மல்லிகைச் சரத்தை ஈரத்தோடு பின்விளக்கின்மேல் தொங்கவிடுவார்கள். ஐப்பசி மழைக்கு முன் அந்த வளையம் மாறாவிட்டால் சுரண்டி வெளுப்பாக்கிய இடத்தில் தை மாதத்துக்குள் துரு பூத்துவிடும். கலியாணம் தையில் என்று பெரியவர் எழுதியிருக்கிறார்.